மேல்மாடி ஜங்ஷன்

எட்டுக்கு நாலு பிளைவுட், மூன்று பலகை.
வளைவுக்கு இடம் போதவில்லை என்று
பீரோவை நகர்த்தினார் முனிரத்தினம்.
பிறகு கட்டிலை.
பிறகு என்னை, சமையலறைப் பக்கம் ஒரு முழம்.

நூறுக்கு இரண்டுக்கு மேல் ஏற்றம் கூடாதாம்,
என்ஜினுக்கு மூச்சு வாங்குமாம்.
தெர்மாகோலில் சையத் பாஷா மலை,
கோட்டைச் சுவருக்குப் பல்குச்சி.
தண்டவாளத்துச் சல்லி மட்டும் அசல்:
பர்கூர்ப் பட்டறையின் கிரானைட் தூள்,
என் மாவுச் சல்லடையில் சலித்தது.

“கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாதே சார்”
என்றார் மீட்டர் பார்க்க வந்தவர்.
“அதனாலதான்” என்றார் இவர்
சாலிடரிங் புகைக்குள்ளிருந்து.

சுவரில் ஓட்டை கேட்டார். மாட்டேன் என்றேன்.
பதினோரு நாள் ரயில் சுவர்வரை போய்
பின்புறமாகவே திரும்பியது.
அந்தச் சத்தம் கேட்கச் சகிக்காமல்
நானே சொம்பைச் சுவரில் கவிழ்த்து
வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

இரவு ஒன்பது நாற்பது.
அடுப்பு மேடையோரம் விளக்கு வருகிறது.
சரக்குப் பெட்டியில் ஏழு மிளகு ஏற்றி அனுப்புகிறேன்;
மூன்றுதான் வந்து சேர்ந்ததாகக்
கூடத்திலிருந்து புகார்.

மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் எழுதியாயிற்று.
நடைமேடையில் ஒருவரும் இல்லை.
ரயிலை விட ஆட்கள் விலை அதிகமாம்.
போனஸ் வரட்டும் என்கிறார்.
முதலில் யாரை வாங்குவது என்று
இன்னும் முடிவாகவில்லை.