எது சுளுவு?

முத்துக்கடையில் இறங்கி
பிரியாணிக் கடைக்கு மேலே மாடி.
பலகையில் பன்னிரண்டு மொழிகள்.
நடப்பது இரண்டு.
விண்ணப்பம் நிரப்பித் தருவது என் வேலை.

வருகிறவர்கள் உட்காருமுன் கேட்பார்கள்:
"குரோஷியனா கொரியனாக்கா, எது சுளுவு?"
கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பேன்.
யாரும் சிரித்ததில்லை.

கொரிய எழுத்தை
இன்றைக்குத் தொட்டால் ஞாயிறுக்குள் கூட்டிப் படிக்கலாம்.
ஒரே கட்டத்துக்குள் மெய்யும் உயிரும்
ஒண்டுக்குடித்தனம்.
முதலில் வந்தால் விறைப்பான க,
நடுவில் வந்தால் இளகிவிடும்:
கடலுக்கும் பகலுக்கும்
ஒரே எழுத்தை வைத்து நாம் காலம் தள்ளவில்லையா, அப்படி.
வினை கடைசியில்தான் வரும்.
வாக்கியம் முடியும்வரை
நாளைக்கு வேலை உண்டென்கிறாரா இல்லையென்கிறாரா
தெரியாது.
அதுவும் நமக்குப் பழக்கம்தான்.

குரோஷியனுக்கு ஆங்கில எழுத்தே போதும்,
சிலதுக்கு மட்டும் தலையில் கொக்கி.
படித்துவிடலாம்.
சொல்வதில்தான் இருக்கிறது.
விரலுக்கு ப்ர்ஸ்த்.
ரத்தத்துக்கு க்ர்வ்.
உயிர் ஒன்றுகூட இல்லாமல் மெய்கள் மட்டும்
நெரிசல் பஸ்ஸில் நிற்பதுபோல்.
நம் நாக்கு இரக்கப்பட்டு
இடையில் ஓர் இகரத்தை ஏற்றிவிடும்.
மேசை ஆண். புத்தகம் பெண்.
கடல் இரண்டுமில்லை.
வேற்றுமை ஏழு.
எட்டைத் தின்று வளர்ந்தவர்கள் நாம் என்று
தைரியம் சொல்வேன்.
எட்டாம் வகுப்போடு நின்றவர்கள்
எப்போது தின்றோம் என்பதுபோல் பார்ப்பார்கள்.

வேடியப்பன் சிப்காட்டில் பச்சைத்தோல் இறக்குகிறவர்.
கடலோர ஹோட்டலில் சமையற்கட்டு வேலை,
ஏஜெண்டுக்குப் பாதி கட்டியாயிற்று.
ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றார்.
உப்புக்கு அங்கே ஸொல் என்றேன்.
"சொல்லா?"
ஏறக்குறைய.
விரலிடுக்கை விரித்துக் காட்டினார்,
வெடிப்பில் வெள்ளையாய் இருந்தது.
"அப்ப பாதி பாஷ கைலயே கீது."

பெயர்கூட நம்மைப்போல் விளிக்கும், கேளுங்கள்.
இவான் என்றொருவன் இருந்தால்
கூப்பிடும்போது இவானே.
நீங்கள் போனால் வேடியப்பனே.
கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.
"கூப்பிட ஆள் வேணுமேக்கா, அங்க."

மெஹருன்னிசா மேல்விஷாரம்.
வீட்டில் உருது, பஸ்ஸில் தமிழ்,
கொரியன் ஷூ கம்பெனியில் மேல்தையல்.
அவள் எங்கும் போகப்போவதில்லை,
மொழிதான் அவளைத் தேடி வந்திருக்கிறது.
மேடம், அவங்க அடிக்கடி உரி உரி என்கிறாங்களே,
தோலையா சொல்றாங்க?
இல்லை, அது நாம்.
நம் வீடு, நம் கம்பெனி.
புருஷனைக்கூட நம் புருஷன் என்றுதான் சொல்வார்கள்.
வாயைப் பொத்திச் சிரித்தாள்.
பிறகு கேட்டாள்:
நாமா, நாங்களா?
புத்தகத்தைப் புரட்டினேன்.
இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
"அப்ப அந்த உரியில் நான் இருக்கேனா
இல்லையான்னு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் கேட்க
விண்ணப்பத்தின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
பக்கத்திலேயே
"ஏன் கற்க விரும்புகிறீர்கள்?" என்ற கட்டம்.
காலியாகவே விட்டிருந்தாள்.

நான் இரண்டிலும் முதல் பாடத்தைத் தாண்டாதவள்.
இது யாருக்கும் தெரியாது.
எது சுளுவு என்பதை
மொழியைப் பார்த்தா சொல்வது,
கேட்கிறவர் பையில் எவ்வளவு இருக்கிறது,
வீட்டில் எத்தனை பேர்,
ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது?
அதற்கெல்லாம் விண்ணப்பத்தில் இடமில்லை.

ஆறரைக்குப் பூட்டிவிட்டு ஆற்காடு பஸ்.
பாலாற்றுப் பாலத்தில் ஜன்னல் ஓரம்.
கொரியனில் முல் என்றால் தண்ணீர்.
கீழே பார்க்கிறேன்:
கரையிலிருந்து கரைவரை
சீமைக்கருவேல முள்.
பாடம் சரியாகத்தான் இருக்கிறது,
எழுத்து ஒன்றுதான் பிசகு.

எங்கேம்மா என்றார் நடத்துநர்.
நாக்கில் ஏதேதோ நெரிந்துகொண்டு நின்றன.
ஆற்காடு என்று சொல்ல
எனக்கு ஒரு நொடி பிடித்தது.