ஐந்தடி இரண்டங்குலம்

ஹவானாவில் பழைய மாளிகைகளுக்குக் கூரை உயரம்.
எங்கள் அறைக்குப் பன்னிரண்டடி.
ஒரு சர்க்கரை முதலாளியின் பியானோ நின்ற இடமாம்.
ஒஸ்னியேல் குறுக்கே பலகை அடித்துப் பரண் போட்டான்.
கீழே அவர்கள், மேலே நாங்கள்.
மேலே ஐந்தடி இரண்டங்குலம்.
அவன் ஐந்தடி ஒன்பது.
கல்யாணமாகி மூன்று வருஷம்,
என் புருஷன் வீட்டுக்குள் நிமிர்ந்து
நான் பார்த்ததில்லை.

கீழே அவன் அண்ணன் ரெய்னேரியோ.
கூடவே, அவனை விவாகரத்து செய்த ஐடெலிஸ்.
இரண்டு பேரைப் பிரித்த கோர்ட்டுக்கு
ஓர் அறையைப் பிரிக்கத் தெரியவில்லை.
நடுவே குளியலறைத் திரை, மீன் படம் போட்டது.
அந்தப் பக்கம் அவள் தும்மினால்
இந்தப் பக்கம் இவன்
பழக்கதோஷத்தில் "நூறாயுசு" என்கிறான்.

பலகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்.
அதனால் காத்திருப்போம்.
தெருவில் யாராவது "கோழி வந்திருக்கு" என்று கத்தினால்
கட்டிடமே ரேஷன் புத்தகத்தோடு ஓடும்.
நாங்கள் மட்டும் ஓடுவதில்லை.
கோழி வராத மாதங்களில்
ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி
இருப்போம்.

மார்ச்சில் நாள் தள்ளிப்போனது.
முதலில் அளவு நாடாவை எடுத்தேன்.
கட்டிலுக்கும் சுவருக்கும் பதினோரு அங்குலம்.
தொட்டிலுக்கு இருபதாவது வேண்டும்.
ஏணிக்கு ஒன்பது படி, கைப்பிடி கிடையாது.
வயிறு முன்னால் வந்தால்
இறங்குவது சரி, ஏறுவது?

கிளினிக்கில் கேட்டாள்:
"வைத்துக்கொள்கிறீர்களா?"
"எங்கே?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவளுக்கும் ஒரு பரண் இருக்கும்.
சீட்டில் தேதி எழுதித் தந்தாள்.

இந்த வீட்டில் வாந்தியை ஒளிக்க முடியாது.
பலகை இடுக்கு வழியாக ஐடெலிஸின் குரல்:
"எத்தனை வாரம்?"
பிறகு கீழே ரொம்ப நேரம் குசுகுசுப்பு.
திரைக்கு ஒரே பக்கத்திலிருந்து.

காலையில் ரெய்னேரியோ சொன்னான்,
ஏணியைப் பார்த்தபடி, எங்களைப் பார்க்காமல்:
"நீங்கள் கீழே வாருங்கள். நாங்கள் மேலே போகிறோம்."
நாங்கள்.
நான்கு வருஷமாக அவன் வாயில் வராத சொல்.
அவன் ஆறடி.

இப்போது ஒஸ்னியேல் நிமிர்ந்து நிற்கிறான்,
தலையை என்ன செய்வதென்று தெரியாமல்.
இரவில் மேலே பலகை முனகுகிறது.
சிரிப்பு வந்து தலையணையைக் கடிக்கிறேன்.

சீட்டு இன்னும் என் செருப்புப் பெட்டியில்.
வெள்ளி, காலை எட்டு மணி.
நாடாவைத் தேடுகிறேன்,
கீழே இன்னும் அளக்கவில்லை.
இன்று புதன்.