பின்வாங்கியது குறித்து

நிலைய அலுவலர் ஐயா அவர்களுக்கு,
குறிப்பாணை கிடைத்தது.
"தீயிலிருந்து பின்வாங்கியது ஏன்?"
மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
இது இரண்டாம் நாள் இரவு.

உப்பனாற்றின் நடுவே விசைப்படகு எரிந்தது.
கரையிலிருந்து ஹோஸ் எட்டவில்லை.
வைரக்கண்ணுவின் ஃபைபர் போட்டில்
பம்பை ஏற்றிக்கொண்டு போனோம்.
நாசிலைத் திறந்தேன்.
தண்ணீர் முன்னால் போனது.
நாங்கள் பின்னால் போனோம்.

அவ்வளவுதான் ஐயா நடந்தது.

சோனாங்குப்பம் கரையில் சிரித்தார்கள்.
"தீயைப் பார்த்து ஓடுதுடா ஃபயர் சர்வீஸு!"
யாரோ செல்போனில் எடுத்ததைத்தான்
நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.
அதில் என் தோள் தெரியாது.
தரையிலும் நாசில் இப்படித்தான் தள்ளும்.
சிப்காட் தீயில் மூன்று பேர் சேர்ந்து
பூட்ஸை மண்ணில் ஊன்றிப் பிடித்தோமே,
அந்தத் தள்ளையெல்லாம் பூமி வாங்கிக்கொண்டது.
பூமி நகர்ந்ததா என்று
யாரும் மெமோ கொடுக்கவில்லை.
ஆற்றில் எதை ஊன்றுவது?

தண்ணீர் எரிகிற பலகையில் மோதித்தான்
எங்களைத் திருப்பித் தள்ளியது என்கிறார் எழுத்தர்.
இல்லை. ஒரு முறை குறி தவறி
வெறும் இருட்டுக்குள் பீய்ச்சினேன்.
அப்போதும் அதே தள்ளு,
ஒரு பிடி குறையவில்லை.
எங்கே போய் விழுந்தாலும்
கிளம்பும்போதே கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான்
போகிறது தண்ணீர்.

பிறகு வைரக்கண்ணு மோட்டாரை முடுக்கினார்.
அவர் பின்னால் தள்ள
நான் முன்னால் தள்ள
போட்டு நட்டாற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது
நாற்பது நிமிடம்.
தீ அடங்கியது. நாசிலை மூடினேன்.
மோட்டாரை நிறுத்த அவர் மறந்துவிட்டார்.
நேரே போய்க் கருகிய படகில் இடித்தோம்.
போட்டின் மூக்கில் விரிசல். அதற்குத்
தனியாக விளக்கம் தருகிறேன்.

நேற்று இரவுக் காவல். நிலைய மாடியில் நின்றேன்.
வடக்கே, புதுச்சேரி வெளிச்சத்துக்கும் அப்பால்
ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒன்று கிளம்பியது.
இங்கிருந்து பார்க்க ஒரு பீடி நெருப்பு.
மேகத்தில் மறைந்து, மேலே மறுபடி வந்தது.
காற்றே இல்லாத இடத்திலும்
ஊன்றிக்கொள்ள அதற்கு ஒன்றும் வேண்டாம்.
எங்களுக்காவது ஆறு இருந்தது,
உறிஞ்சி உறிஞ்சி எறிந்தோம்.
அது, வயிற்றில் கட்டிக்கொண்டு போனதையே
எரித்து எரித்து எறிய வேண்டும்.
எறிய எறிய இலேசாகிறது.
இலேசாக ஆக இன்னும் விரைகிறது.

அதன் காலடியிலும் தீதான் ஐயா.
அந்தத் தீயை விட்டு
அதுவும் விலகி விலகித்தான் போகிறது.
பயந்து ஓடுகிறது என்று
டிவியில் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த முறைக்கு
நங்கூரம் ஒன்று வழங்க ஆவன செய்யுமாறு
பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தே. மணவாளன், தீயணைப்போர்,
கடலூர் முதுநகர்.