இருபத்தெட்டுச் சொற்களுக்குள்

பாலிக் புலாவ் மலைச்சாலையில் ஒன்பது பலகை.
நான்கு மொழி. தமிழ் கடைசியில், அடிவிளிம்போடு,
இருபத்தெட்டுச் சொற்களுக்குள்.
சொல்லுக்கு எழுபது காசு.

"உங்கள் எழுத்து நீளம்,
கொஞ்சம் சிறிதாக்கிவிடுவோம்" என்றார் பூவான் ஹஸ்னிசா.
நல்ல மனுஷி. காப்பி வாங்கித் தந்தார்.

முதல் பலகை ஜாதிக்காய்த் தோட்டம்.
மூன்றாவது, துரை ஒருவர் குதிரை மாற்றிய வளைவு.
குதிரைக்குப் பெயர் இருந்தது.
அதையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

ஏழாவதில் நின்றுபோனேன்.
இந்தச் சாலையை இந்தியத் தொழிலாளர்கள் வெட்டினர்.
மற்ற மூன்று மொழியிலும் அவ்வளவுதான்.
எண்ணிப் பார்த்தேன், ஐந்து சொல்.
மிச்சம் இருபத்துமூன்று.

ஆவணக் காப்பகத்தில் ஒரு மருத்துவமனைப் பதிவேடு.
மண்சரிந்த வாரத்தில் சேர்க்கப்பட்டவர் நாற்பத்தொருவர்.
எழுத்தர் காதில் விழுந்தபடி
மூட்டூ, கௌப்பன், அங்காமா.
ஒவ்வொருவராகக் கைபிடித்துத் தமிழுக்குள் இறக்கினேன்.
ராங்கி, ரெங்கியா ரங்காயியா?
எதை எழுதினாலும் இன்னொருவர்மேல் மண் தள்ளுகிறேன்.
பாலி என்று ஒரு பெயர்.
பழனியாக இருக்கலாம், பாப்பாளாக இருக்கலாம்.
பாலிக் என்றால் இங்கே திரும்பிப்போவது.
திரும்பிய தேதிக்கான கட்டம்
பாலிக்கு நேராகக் காலி.
அப்படியே விட்டேன். பாலி.

இருபத்துமூன்று பேரை ஏற்றினேன்.
பதினெட்டுப் பேருக்கு இடமில்லை.
எந்த நியாயத்தில் பிரித்தேன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
எழுத்துக் குறைந்த பெயர்களை எடுத்தேன் என்று
சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.

"இதில் என்ன இருக்கிறது?" என்றார் ஹஸ்னிசா.
"அதேதான், கொஞ்சம் விரிவாக."
கையெழுத்துப் போட்டார்.
பெயர்களுக்கு மட்டும்
பதினாறு வெள்ளி பத்துக் காசு, வங்கியில் விழுந்தது.

பலகை நட்ட மறுவாரம் போய்ப் பார்த்தேன்.
அச்சகத்துக் கணினி
புள்ளிகளை எல்லாம் தின்றிருந்தது.
முதது. கருபபன. அஙகமமா.
செங்கேணியின் கொம்பு கழன்று
முந்திய வரியின் முனையில் தனியாக நின்றது.

புகார் கொடுத்தால் புது டெண்டர்,
அடுத்த ஆண்டு வரவுசெலவு,
யாராவது உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள்.
ஐந்து சொல் போதுமே என்பார்கள்.

நகச்சாயம் வாங்கினேன், வெள்ளை,
ஆயர் ஈத்தாம் சந்தையில், நாலு வெள்ளி.
டுரியான் காலம். லாரிகள் உரசிக்கொண்டு போயின.
சாக்கடை ஓரம் மண்டியிட்டு
ஒவ்வொரு மெய்யின் தலையிலும் ஒரு சொட்டு.
துடைக்கத் துடைக்கத் தூறல்.

மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு பையன் கேட்டான்,
"காக்கா, என்ன செய்கிறீர்கள்?"
என்ன சொல்வது.
"பொட்டு வைக்கிறேன்."
தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கிக் கொஞ்சநேரம் பார்த்தான்.
பிறகு வண்டியைக் குறுக்கே சாய்த்து நிறுத்தி
லாரிகளைக் கையால் அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டான்.

இருள்வதற்குள் முடிந்தது.
கொம்பை ஒன்றும் செய்ய முடியவில்லை,
செங்கேணி என்னை மன்னிக்கட்டும்.
கடைசி வரிக்கு வந்தேன்.
சாயம் சொட்டும் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி தேடினேன்.

பாலி.
புள்ளி வைக்க அதில் இடமே இல்லை.