பீச்சாங்கைக்கு மட்டும்

இந்த ஊரில் வெயில் சுடும்.
பத்துத் தட்டு தாண்டினால் குழலும் சுடும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நானும்.

பொன்னை சாலையில் வேலை நின்றுபோன கல்குவாரி,
சங்கத்தின் இரவல் துப்பாக்கி.
என் சொந்தமென்று அங்கே இருப்பவை
ஒரு தொப்பி, காதடைப்பான்,
வியர்த்து ஒழுகும் இரண்டு உள்ளங்கைகள்.

போன வாரம் பதினேழாவது தட்டு
ஆரஞ்சு நிறத்தில் கிளம்பி
சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போவதுபோல்
நிதானமாகப் போய் இறங்கியது.
விசையில் விரல் வழுக்கிவிட்டது.
"கையுறை வாங்குங்க ஜெபசீலி"
என்றார் தணிகாசலம்,
என் பெயருக்கு நேரே சுழியம் போட்டபடி.

வாங்கலாம்.
கைபேசி காட்டிய இத்தாலிச் சோடி நாலாயிரம்.
எனக்கு ரூபாய்க் கணக்கு ஓடாது, தோட்டாக் கணக்குத்தான்.
ஒன்று எழுபது என்றால் ஐம்பத்தேழு தோட்டா.
இரண்டு முழுச் சுற்று, மேலே ஏழு.
அதைக் கையில் மாட்டிக்கொண்டு
சுடாமல் சும்மா நிற்கலாம்.

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் பக்கத்து நாற்காலி நூருன்னிசா
சிரித்தாள்.
"விஷாரத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு
இத்தாலிக்குப் போறியா?
கொழுந்தன் குடோனுக்கு வா."

மேல்விஷாரம். மாலை ஐந்து மணி.
தோல் வாசனை முதலில் மூக்கைப் பிடிக்கும்,
அப்புறம் விட்டுவிடும்.
சிப்கத்துல்லா ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.
வெல்டிங் கையுறை: எருமையோடு கைகுலுக்கியதுபோல்.
பஞ்சு வைத்த பனிக் கையுறை:
வேலூர் மே மாதத்துக்கு அதைக் காட்டியதே பாவம்.

நான் ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டேன்.
சிங்கமா, எண்ணா?
விரல் சொல்ல வேண்டும்.
சொல்லாத தோல் எனக்கு வேண்டாம்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, ஊமை.

கடைசியில் பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது.
கப்பலேறப் போய்த் திரும்பிவந்த சரக்கு.
வெங்காயச் சருகு கனத்தில் ஆட்டுத்தோல்,
முதுகில் ஊசித் துளைகள், காற்றுக்கு.
மாட்டினேன். தடவினேன்.
சிங்கம்.
பிடரி மயிர்கூடத் தட்டுப்பட்டது என்று
கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

"ஆனா இது சோடி இல்லம்மா" என்றார் சங்கடமாக.
"கோல்ஃப் ஆடுறவங்களுக்குத் தெச்சது.
அவங்க ஒரு கைக்குத்தான் போடுவாங்க.
பெட்டி பூரா இடக்கை."

இடக்கை.

காசு வாங்கும்போதும் மீதி தரும்போதும்
இன்னும் முகம் சுளிப்பார்கள் என் கவுண்டரில்.
"சோத்தாங்கையால குடும்மா."
பள்ளிக்கூடப் பெஞ்சு, கத்தரிக்கோல், சங்கத்துத் துப்பாக்கியின் வளைவு,
எல்லாம் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு.
விசையை இழுப்பதோ என் பீச்சாங்கை.

தொண்ணூறு ரூபாய் என்றார்.
பேரம் பேச வாய் வரவில்லை எனக்கு,
வாழ்க்கையில் முதல்முறையாக.

குழலைத் தாங்கும் வலக்கைக்கு
லாங் பஜாரில் கட்டட வேலைக்காரர்களின் பருத்தி உறை,
உள்ளங்கையில் நீல ரப்பர்ப் புள்ளிகள்,
இருபத்தைந்து ரூபாய்.
துவைத்தால் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

மொத்தம் நூற்றுப் பதினைந்து.
இரண்டு தோட்டாகூட ஆகவில்லை.

இந்த ஞாயிறு
இருபத்தைந்தில் பதினான்கு.
போன வாரம் பதின்மூன்று.
அற்புதமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.
தப்பிய பதினொன்றும்
வழுக்கித் தப்பவில்லை, நானே தப்பவிட்டவை.
அதைச் சொல்ல ஒரு தெளிவு வேண்டியிருக்கிறது,
தோல் அதைத் தருகிறது.

தணிகாசலம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.
"நல்லாருக்கே. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க.
வலக்கைக்கு."

வலக்கைக்கு இல்லை, சார்.
பெட்டி பூராத் தேடியாச்சு.