சரண் மனு

ஏற்காட்டிலிருந்து அஸ்தம்பட்டிக்கு
இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
பின்னிருக்கையில் தீர்த்தகிரி தூங்கிக்கொண்டு வந்தான்.
நாற்பத்தோரு நாள் நாகலூர்ப் பக்கம்
காப்பிக்கொட்டைச் சாக்குகளுக்கு நடுவே
கண் மூடாமல் கிடந்தவன்.
முந்தின இரவு
'வந்துடறேங்க மேடம்' என்று போனில் சொல்லிவிட்டு
ஆறு புரோட்டா சாப்பிட்டானாம்.
சொன்ன மச்சானுக்கே வெட்கமாக இருந்தது.

வேண்டாம் என்றுதான் சொன்னேன்.
அது என் தொழில்.
பனிமூட்டம், மஞ்சக்குட்டை திருப்பம்,
பால் கேன் உருண்ட சத்தம்.
வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை.
முதல் தகவல் அறிக்கையில்
'அடையாளம் தெரியாத வாகனம்.'
உன்னை யாரும் தேடவே இல்லையே, ஏன் ஒளிந்தாய்?
'ஒளியறதுக்குத் தேடற ஆளு ஒண்ணு வேணுமில்லீங்களா.
ரெண்டு பேருமே நானாத்தான் இருந்தேங்க.'

எனக்கு வளைவு ஆகாது. குமட்டும்.
கீழிருந்து எண்ணினால் பதினொன்றில்
வண்டியை நிறுத்தி
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நின்றேன்.
தடுப்புச் சுவரில் தாய்க்குரங்கு,
வயிற்றை இறுக்கிப் பற்றிய குட்டி.

வைணவத்தில் இதற்கு இரண்டு கட்சி.
குரங்குக்குட்டிபோல நீதான் பற்ற வேண்டும்
என்பது ஒன்று.
பூனை கவ்விக்கொள்ளும், குட்டி சும்மா இருக்கட்டும்
என்பது மற்றது.
பல நூறு வருட வாய்தா,
இன்னும் தீர்ப்பு வரவில்லை.

எனக்குத் தெரிந்த சரண் வேறு:
வக்காலத்து, கட்டண வில்லை, ஆதார் நகல்,
'மேற்படி எதிரி தாமாகவே முன்வந்து'.
தாமாகவே என்று அடிக்கும்போது
விரல் எப்போதும் ஒரு நொடி நிற்கும்.
பெரும்பாலும் பொய்.
அம்மாவையோ தம்பியையோ
ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்கள்.
இந்த முறை நிற்காமல் அடித்தேன்.
பயமாக இருந்தது.

விழித்துக்கொண்டு சொன்னான்:
'கம்பியப் புடிக்காதீங்க மேடம்.
வண்டி சாயற பக்கமே சாஞ்சுக்குங்க.'
ஓட்டுநர் அல்லவா.
ஒரு வளைவு சாய்ந்து பார்த்தேன், குமட்டவில்லை.
அடுத்ததில் கை தானாக மேலே போயிற்று.

நீதிமன்றத்தில் கோயிலில்போல் கும்பிட்டு நின்றான்.
'கையைக் கீழே போடுய்யா' என்றார் குமாஸ்தா.
போட்டான்.
அதற்குப் பிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று
அவனுக்குத் தெரியவில்லை.
பக்கத்துச் சட்டையை அணிந்ததுபோல்
பக்கவாட்டில் தொங்கின.
பதினைந்து நாள்.
நடந்தே போகிற தூரத்துச் சிறைக்கு
வேனில் ஏற்றினார்கள்.

வராண்டாவில் இன்னாசியின் மனைவி லூர்துமேரி.
'அந்த ஆளு தூங்குறானா?'
'இன்னைக்குத் தூங்கினார்.'
வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு,
'கேன் ரெண்டும் ஸ்டேஷன்லயே கெடக்கு.
எப்பத் தருவாங்க?'

சாட்சிப் பொருளைத் திரும்பப் பெறத் தனி மனு உண்டு.
எதிரியின் வக்கீல் நான், போடக் கூடாது.
அன்றிரவு அடித்துவைத்தேன்.
இருபது லிட்டர் அலுமினியம், ஒன்று நசுங்கியது.
மனுதாரர் கையெழுத்துக்குக் கீழே
வக்கீல் பெயருக்கான இடம்
இன்னும் காலி.
தூக்கம் வரவில்லை,
தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.