அப்படியே நில்லுங்க

கிளையை ஒடித்தது யானை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.
அஞ்செட்டிக்கு மேற்கே, எங்கள் ராகிக் கொல்லை ஓரம்
தடசு மரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது.
விடிந்ததும் பார்த்தால் கிடக்கிறது,
என்னைவிட ஒரு சாண் நீளம்.

அறுக்கவில்லை. அறுத்தால் நரம்பு வெட்டுப்படும்.
ஆப்பு வைத்துத் தட்டினேன்,
மரம் தனக்குப் பிடித்த வழியில் பிளந்துகொண்டது.
பட்டையை ஒட்டிய பக்கம் முதுகு, அதில் கத்தி படக்கூடாது.
என்னைப் பார்க்கும் பக்கம் வயிறு.
எடுப்பதெல்லாம் வயிற்றிலிருந்துதான்.
சீட்டுப் பணம் கட்டுகிற மாதமும் அப்படித்தான்.

வாரம் ஆறு நாள் எனக்கு ஓசூரில் கிரைண்டிங் மெஷின்.
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால்
சிவப்பு டிரேயில் போட்டுவிடுவார்கள்.
அங்கிருந்து ஒரு மைக்ரோமீட்டரைச்
சோற்று டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன்
(திங்கட்கிழமை திருப்பி வைத்தாயிற்று).
மேல்கை, கீழ்கை, இரண்டும் ஒரே கனம் என்றது அது.
நாணேற்றினால்
ஒரு கை வணங்குகிறது, ஒரு கை விறைக்கிறது.

பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லுதான்.
பூண்டுத் தோலைவிட மெல்லிசாகச் சுருள் சுருளாய் வந்தது.
மரல் மடலைக் கல்லில் தட்டிப் பச்சையைக் கழுவி
நாரைத் தொடையில் வைத்து முறுக்கினேன்.
தொடை இரண்டு நாள் எரிந்தது.

தை பிறந்தால் எங்கள் சாமி பார்வேட்டைக்குப் போகும்.
போன வருஷம் அதன் கையில்
பிவிசி பைப், ஜிகினாத் தாள், நைலான் கயிறு.
யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.
"சிரிச்சவளே செஞ்சு குடுக்கட்டும்" என்றது ஊர்க்கூட்டம்.

மார்கழி மூன்றாம் ஞாயிறு
பைக்கில் வந்தார் ஃபாரஸ்ட் கார்டு முனிமாரப்பன்.
"லகுமா, இது எய்யுமா?"
எய்யாது, வெறும் அலங்காரச் சாமான் என்று
ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.
நல்ல மனுஷன். பேனாவும் அவரே கொடுத்தார்.
ஐந்து ஞாயிறு சுரண்டியவளுக்கு
அந்த ஒரு வார்த்தை வரவில்லை.
காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சலித்துப்போய் அவர் வில்லைத் தூக்கினார்,
சும்மா, எடை பார்ப்பதுபோல.
இழுத்தார்.

இழுக்கிறவளுக்குத் தன் வில் தெரியாது.
சுவரில் ஆணியடித்து மாட்டியும் பார்த்திருக்கிறேன்,
ஆணிக்குத் தோள் இல்லை.
ஏரிக்கரை நடுகல்லில் ஒருவன்
எந்நேரமும் முழு இழுப்பில் நிற்கிறான்,
இரண்டு கையும் கச்சிதம். கல்லுக்கு அது சுலபம்.
இப்போது காக்கிச் சட்டைக்கு முன்னால்
என் வில் முழுசாய் விரிந்து நிற்கிறது.
கீழ்கையில், கணுவுக்கு நாலு விரல் தள்ளி,
ஒரு தட்டை. வளையாத இடம்.

"சார், அப்படியே நில்லுங்க."
"என்னது?"
"விட்ராதீங்க. அம்பில்லாம விட்டா ஒடிஞ்சிரும்."

அடுப்புக் கரிக்கு ஓடினேன்.
வரும்போது அவர் முழங்கை நடுங்குகிறது,
தொப்பி காதில் சரிந்திருக்கிறது,
ஆனால் விடவில்லை.
மண்டியிட்டுக் கோடு போட்டேன், இங்கேயிருந்து இதுவரை.
"மெதுவா எறக்குங்க. மெதுவா."

இறக்கிவிட்டு விரல்களைப் பார்த்தார்.
நாண் பதிந்த இடம் சிவந்திருந்தது.
"எய்யும்போலிருக்கே" என்றார்.
"இன்னும் ஒரு ஞாயிறு இருக்கு" என்றேன்.

எழுதாத காகிதத்தை நாலாய் மடித்துப் பையில் வைத்தார்.
பைக்கை உதைத்தபடி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார்.
கையெழுத்துக்கா, இழுத்துப் பார்க்கவா,
கேட்கவில்லை.
சில்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.